சல்லடைக்குக் குங்குமம் கிடையாது

1

இந்த ஊருக்கு வந்து பதினோராவது பனிக்காலம் தொடங்கிய வாரத்தில், என் வேலை மேசைமேல் ஓசூரிலிருந்து ஒரு பாட்டில் வந்து நின்றது. உள்ளே சாம்பல் நிறத்தில் டைட்டானியம் பவுடர். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த டேப்பின் முனை உள்பக்கமாக மடித்துவிடப்பட்டிருந்தது. அப்படி மடிக்கிற ஆள் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவன்தான். பிரிக்கிறவன் நகத்தை வைத்துச் சுரண்டிக்கொண்டு நிற்கக் கூடாது என்பான். முனிராஜ். ஓசூர் சிப்காட்டில் நானும் அவனும் ஒரே மெஷினில் ஷிப்டு மாற்றி வேலை பார்த்தவர்கள்.

"அந்தோணி, உங்கள் ஊர்ச் சரக்கு. நீங்களே சோதித்துச் சொல்லுங்கள்" என்றாள் செலின். எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு அவள்தான் தலைவி. அந்தோணி என் அப்பாவின் பெயர். குடியேறும்போது குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். நமக்கு ஏது குடும்பப் பெயர், இனிஷியலை விரித்து எழுதிக் கொடுத்தேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் யாருக்கும் அடங்காமல் டீக்கடை நடத்திய மனுஷரைக் கியூபெக்கில் இப்போது ஆளாளுக்கு வேலை ஏவுகிறார்கள். என் பெயர் சவரிமுத்து.

பாட்டிலோடு வந்த தாளில் அனுப்பியவர்கள் என்று இரண்டு பெயர்கள். முனிராஜ். அதன் கீழே ஜெசிந்தா. ஜெசிந்தா என் மகள்.

அவள் அங்கே இருப்பது எனக்குத் தெரியும். என் கம்பெனிக்கே சாம்பிள் அனுப்புகிறாள் என்பதை மட்டும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. இந்தக் குறிப்புகளைப் படிக்கிற ஊர்க்காரர்கள், வெளிநாட்டுக்காரனைப் பார்த்து நீங்கள்தான் பொறாமைப்பட வேண்டும் என்று நினைத்திருப்பீர்கள். இங்கே கதை தலைகீழ். அந்த டேப் மடிப்புக்குப் பக்கத்தில் என் மகளின் கையெழுத்தைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

2

நான் பார்க்கிற வேலையைச் சொல்லிவிடுகிறேன். போன தடவை லீவில் வந்தபோது, கனடாவில் மாவு மில்லில் வேலை என்று என் மச்சான் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தான்.

உலோகத்தை வெட்டி, கடைந்து பொருள் செய்வதுதான் நமக்குத் தெரியும். இப்போது இன்னொரு வழி வந்திருக்கிறது. உலோகப் பவுடரை மெல்லிசாகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரோ எலக்ட்ரான் கற்றையோ கொண்டு உருக்குவார்கள். அதன்மேல் மறுபடி பவுடர், மறுபடி உருக்கு. இப்படி அடுக்கடுக்காக ஏறி ஒரு இடுப்பு மூட்டோ விமானத்துக்கான பாகமோ எழுந்து வரும். உருகாமல் மிஞ்சிய பவுடரைத் திரட்டி அடுத்த வேலைக்குப் போடலாம். ஆனால் சும்மா போட்டுக்கொண்டே இருக்க முடியாது. சூடு பட்டுப் பட்டு மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், முதுகில் குட்டி மணிகளைச் சுமக்கும், ஈரம் வாங்கும். புதுப் பவுடர் புனலில் கேழ்வரகு மாதிரி ஓடும். பழசு புட்டு மாவு மாதிரி அடைத்துக்கொண்டு நிற்கும்.

அந்தப் பழசைத்தான் நாங்கள் பிளாஸ்மாவில் விடுகிறோம். வாயு மின்சாரத்தில் கொதித்து வெள்ளையாக எரிகிற அந்தச் சுடருக்குள் பவுடரைத் தூவினால், ஒவ்வொரு மணியும் விழுகிற வேகத்திலேயே உருகி, உருண்டையாகி, கீழே போய்ச் சேர்வதற்குள் இறுகிவிடும். அப்புறம் சலித்து எடுத்தால் பழையபடி ஓடும். டைட்டானியம் ஒருமுறை உள்ளே இழுத்துவிட்ட ஆக்சிஜனை மட்டும் எங்களால் திருப்பிப் பிடுங்க முடியாது. அதை அளந்து பார்த்து, தாங்காத சரக்கை ஒதுக்கிவிடுவோம்.

ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், இந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. முனிராஜ் அதையே ஓசூர் பாகலூர் ரோட்டில் ஒரு ஷெட்டில் செய்கிறான் என்று கேள்விப்படும் வரைக்கும்.

3

ஓசூரில் நாங்கள் இருவரும் பார்த்தது பிளாஸ்மா பூச்சு வேலை. பம்பு ஷாப்டுகளின்மேல் பவுடரை உருக்கித் தெளிப்போம். நான் கனடாவுக்கு மனுப் போட்டபோது அவனையும் போடச் சொன்னேன். "அங்க வந்து நான் யார்கிட்டப்பா கன்னடம் பேசறது?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டான். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், வேலையில் தமிழ் என்று இருப்பவனுக்கு நான்காவதாக ஒரு பாஷை வேண்டாமாம். நான் ஒரு பாஷையோடு வந்து பிரெஞ்சில் மாட்டிக்கொண்டேன். வந்த புதிதில் மேலாளர் வீட்டு விருந்தில், போதும், வயிறு நிறைந்துவிட்டது என்று சொல்வதாக நினைத்து ஒரு வாக்கியம் சொன்னேன். சினை மாடுகளுக்குச் சொல்கிற வார்த்தை அது என்று திரும்பும்போது காரில் ஜெசி விளக்கினாள். அவளுக்கு அப்போது பத்து வயது. வந்த ஒரே வருஷத்தில் எனக்கு வாத்தியார் ஆகிவிட்டாள்.

நான் வந்த பிறகு அந்தக் கம்பெனி ஆட்களைக் குறைத்தது. முனிராஜ் பழைய தெளிப்புத் துப்பாக்கி ஒன்றை ஏலத்தில் எடுத்து, தன் அப்பாவின் ரோஜாத் தோட்டத்து ஓரத்தில் ஷெட் போட்டான். பெங்களூரில் இந்தப் பவுடர் அச்சு மெஷின்கள் இரண்டு மூன்று வந்ததும், அவர்கள் பழசைத் தூக்கிப் போடுவதைப் பார்த்திருக்கிறான். ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஸ்டீல் டிரம் கட்டி, உள்ளே ஆர்கான் வாயுவை நிரப்பி, துப்பாக்கியைத் தலைகீழாக மாட்டிவிட்டான். கிட்டத்தட்ட அவ்வளவுதான். எங்கள் கம்பெனியில் இதே காரியத்துக்கு டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் ஒரு மாடி முழுக்க உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவன் நன்றாக இருக்கட்டும் என்று வாயால் சொன்னேன். ஆனால் அவன் போட்டோ அனுப்பினால், டிரம்மைப் பார்ப்பதற்கு முன் பின்னால் நிற்கிற புது வண்டியைத்தான் பார்ப்பேன். எனக்கு அந்த ஊர் கிடைக்கவில்லை, சரி, இந்தத் தொழிலாவது என்னுடையது என்று நினைத்திருந்தேன். அவனுக்கு ஊரும் கிடைத்தது, தொழிலும் கிடைத்தது.

4

பிறகு மகளும் போனாள்.

ஜெசியின் படிப்பில் நான்கு மாதம் ஏதாவது தொழிற்சாலையில் வேலை பார்க்க வேண்டும். என் கம்பெனியில் இடம் கேட்டு வைத்திருந்தேன். செலினிடம் சொல்லி ஒரு மேசைகூட ஒதுக்கியாகிவிட்டது. "வீட்டிலும் நீங்கள், வேலையிலும் நீங்களா?" என்று ஜெசி பிரெஞ்சில் கேட்டாள். என்னோடு அவள் பேசுவது பிரெஞ்சில்தான். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் பதில் சொல்வாள். வீட்டில் நான் வைத்த எந்தச் சட்டமும் நின்றதில்லை. சாப்பிடும்போது போன் கூடாது என்றேன், மேசையிலேயே சார்ஜர் மாட்டினாள். வீட்டுக்குள் தமிழ் மட்டும் என்றேன், ஒரு வாரம் ஊமையாக இருந்து காட்டினாள். பனியில் தொப்பி இல்லாமல் போகாதே என்றால் தொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு போவாள். அப்படிப்பட்டவள் தானாகவே முனிராஜுக்கு இமெயில் போட்டு, ஓசூருக்கு டிக்கெட் எடுத்தாள்.

அவள் போன சில வாரம் கழித்து அம்மாவோடு போனில் பேசுவதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். தமிழ். சரளமான, ஓசூர்த் தமிழ். நடுவில் யாரிடமோ திரும்பி, "ஏய், நில்சப்பா" என்று எதையோ நிறுத்தச் சொல்லிக் கன்னடத்தில் அதட்டுகிறாள். பத்து வருஷம் நான் கெஞ்சியும் மிரட்டியும் அவள் வாயில் வராத பாஷை, முனிராஜின் ஷெட்டில் இரண்டு பாஷையாக வந்திருக்கிறது. போனை வைத்ததும் என் மனைவி லூர்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு சந்தோஷம். எனக்கு அது வரவில்லை. அவன் என்ன பேசி அவளைப் பேச வைத்தான் என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது.

"ஒண்ணும் பேசலையாம். வேலை சொல்லுவாராம், அவ்ளோதான்" என்றாள் லூர்து.

5

அமெரிக்காவில் வங்கிகள் கவிழ்ந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் கம்பெனி புது வாடிக்கையாளர்களைத் தேடி ஆசியாவைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. இந்தியாவில் நம்பகமான ஒரு இடம் கிடைத்தால் எங்கள் மெஷின் ஒன்றை அங்கேயே வைத்து வேலையைக் கொடுக்கலாம் என்று பேச்சு. அதற்காகத்தான் அந்தப் பாட்டில். முனிராஜ் சுத்தம் செய்த பழைய பவுடர் எங்கள் அளவுகளில் தேறினால் மெஷின் ஓசூருக்குப் போகும்.

லூர்து இன்னொரு செய்தியையும் சொன்னாள். "மெஷின் வந்துச்சுன்னா, படிப்பு முடிஞ்சதும் அங்கேயே வேலைக்குச் சேர்ந்துடறேங்கறா."

"தேறலைன்னா?"

"தேறலைன்னா இங்கேயே திரும்பி வந்து இருக்க வேண்டியதுதான்."

மறுநாள் காலை நான் அந்தப் பாட்டிலைத் திறந்தேன். குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் திறந்தேன், மறைப்பானேன். எங்கள் மெஷினில் சுடருக்குள் மின்முனை கிடையாது. அவனுடைய பழைய துப்பாக்கியில் உண்டு. அது தேய்ந்து செம்பு கலந்திருக்கும் என்று முதலில் செம்பைத் தேடினேன். இல்லை. புனலில் கொட்டிப் பார்த்தேன். கேழ்வரகு மாதிரி ஓடியது. ஆக்சிஜன் அளவும் வரம்புக்குள். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் திரை முழுக்க உருண்டை உருண்டையாக, எங்கள் சரக்குக்குப் பக்கத்தில் வைத்தால் எது எது என்று எனக்கே தெரியாது. எரிச்சலாக வந்தது.

தட்டை இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். உருண்டைகளுக்கு நடுவில் கோணல்மாணலாக ஒரு துகள். இன்னொரு இடத்தில் இன்னொன்று. என்ன தனிமம் என்று மெஷினிடம் கேட்டால் கால்சியம் என்றது.

செலின் வந்து என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "சுண்ணாம்பு. கட்டடத்துப் பூச்சு உதிர்ந்திருக்கும். சுத்தமில்லாத இடம், வேறென்ன. பாவம், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது" என்றாள். "நிராகரித்து எழுதிவிடலாம். உங்களுக்கு வேறு ஏதாவது தோன்றுகிறதா?"

எனக்குத் தோன்றிவிட்டது. பாட்டிலோடு வந்த தாளில் சாம்பிள் சலித்த நாளைப் பார்த்ததும் தோன்றிவிட்டது. அது ஆயுத பூஜை வாரம்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றேன்.

6

ஓசூர் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுவித் துடைத்த மெஷின் ஒவ்வொன்றுக்கும் வாழைக்கன்று, மாலை, சந்தனம், குங்குமம். கேட்டில் பூசணிக்காய். நான் கோயிலுக்குப் போகிறவன் இல்லை, மாதா கோயிலுக்குப் போகிறவன். ஆனாலும் பொரியும் சுண்டலும் எனக்குத்தான் முதல் பொட்டலம் வரும்.

ஒரு வருஷம் பூஜை முடிந்த மறுநாள் தெளித்த ஷாப்டுகளில் எல்லாம் பூச்சு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வந்தது. ஷிப்டில் இருந்த எனக்கும் முனிராஜுக்கும் சரியான திட்டு. பவுடர் சலிக்கும் சல்லடை விளிம்பில் யாரோ ஆசையாக வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து உள்ளே உதிர்ந்திருந்தது. குங்குமம் என்றால் வேறென்ன, மஞ்சளும் சுண்ணாம்பும்தானே.

அடுத்த வருஷம் பூஜைக்கு முன் நான் ஒரு சட்டம் போட்டேன். பவுடர் தொடுகிற எதற்கும் பொட்டு கிடையாது. சல்லடைக்கும் பவுடர் தொட்டிக்கும் முனிராஜின் ரோஜாத் தோட்டத்துப் பாலித்தீன் ஷீட்டை வெட்டிக் கவர் போட்டுக் கட்டினேன். பொட்டு வைக்க வேண்டுமானால் மெஷின் கதவில் வை, சுவிட்சு பெட்டியில் வை. "சாமிக்கே முக்காடு போட்டுட்டான்டா கிறிஸ்தியன்" என்று ஷாப் முழுக்கச் சிரித்தார்கள். முனிராஜ்தான் அதிகமாகச் சிரித்தான். ஆனால் கவர் நின்றது. நான் ஓசூரை விட்டுக் கிளம்பும் வரை ஒவ்வொரு வருஷமும் நானே கட்டினேன்.

இப்போது மைக்ரோஸ்கோப் திரையில் அந்தக் கோணல் துகளைப் பார்த்தபோது எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் வந்தது. நான் இல்லாதது அங்கே தெரிந்திருக்கிறது. கவர் போட ஆள் இல்லை.

7

வீட்டுக்குப் போய் லூர்துவிடம் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்து வேலை முடித்து வந்து காலணியில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு நிமிராமலே கேட்டாள்.

"நீங்க சொல்லலைன்னா ஃபெயிலா?"

"ஃபெயில்."

"அப்ப ஜெசி வந்துடுவாளா?"

"வந்துடுவா."

காலணிகளை ஜோடியாக வைத்தாள். "அப்ப வாயை மூடிக்கிட்டு இருங்களேன்" என்றாள். என் மனசில் இருந்ததை அவள் சொல்லிவிட்டாள். பொய் சொல்ல வேண்டியதில்லை. யோசித்தேன், ஒன்றும் தோன்றவில்லை என்றால் போதும். கிறிஸ்துமஸுக்கு வருகிற மகள் அப்புறம் வீட்டிலேயே இருப்பாள். பிரெஞ்சில் பேசினாலும் பரவாயில்லை, எதிரில் உட்கார்ந்து பேசுவாள்.

மறுநாள் செலினின் அறைக்குப் போனேன். நிராகரிப்பை அவள் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். 'சுத்தமற்ற பணியிடம்' என்ற வார்த்தைகள் திரையில் இருந்தன. எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. ஷிப்டு முடியும்போது தரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் போகிறவன் அவன். டேப் முனையை மடித்து அனுப்புகிறவன். முனிராஜை நான் திட்டுவேன், எனக்கு அதற்கு உரிமை இருக்கிறது, அவன்மேல் எரிந்து எரிந்து சம்பாதித்த உரிமை. ஓசூர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத ஒருத்தி அவனை அழுக்கன் என்று எழுதுவதா?

சொல்லிவிட்டேன். வருஷத்தில் ஒரு நாள் மெஷின்களுக்கு ஓய்வு கொடுப்போம், நன்றி சொல்வோம், நெற்றியில் வைக்கிற பொட்டை அவற்றுக்கும் வைப்போம் என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் தட்டுத்தடுமாறி விளக்கினேன். சல்லடையைக் கழுவி மறுபடி சலித்தால் கால்சியம் இருக்காது என்றேன்.

அவள் தட்டச்சு செய்ததை அழித்தாள். "புது சாம்பிள் கேளுங்கள்" என்றாள். நான் கதவைத் தாண்டும்போது, "அந்தோணி, இத்தனை வருஷத்தில் நம் மெஷினுக்கு ஏன் ஒருமுறைகூட நீங்கள் நன்றி சொல்லவில்லை?" என்று கேட்டாள். நிஜமாகத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

8

அன்று இரவு தூங்கப் போகும் முன் ஓசூருக்குப் போன் போட்டேன். அங்கே விடிந்திருந்தது. லூர்து கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். எடுத்தது முனிராஜ்.

"யாரு, சவரியா? என்னப்பா, அதிசயமா இருக்குது?"

பொறாமை என்னிடம் நலம் விசாரிக்க விடவில்லை. "சல்லடைக்கு எவன்டா பொட்டு வெச்சது?" என்றேன்.

பின்னால் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"கண்டுபுடிச்சிட்டயா?" என்றான். "நான்தான் வெச்சன்னு வெச்சிக்கயேன்."

"நீ வெக்கமாட்ட."

"ஆமா, வெக்கமாட்டன். உடு சவரி. தொடைச்சோம்ப்பா, வலை ஓரத்துல நின்னுட்டிருக்கும். கற்பூரத்தக்கூட கேட்டுக்கு வெளியவே காட்டிட்டோம், டைட்டானியம் பவுடரு தீப்புடிக்குமேன்னு. இது ஒண்ணு தப்பிப்போச்சு. வேற சலிச்சு அனுப்பறன்."

"யாருன்னு கேட்டேன்."

போன் கை மாறியது.

"அப்பா, நாந்தான் வெச்சன்."

ஜெசி. தமிழில். என்னிடம். அதைக் கவனிக்கக்கூட அவகாசம் இல்லாமல் அடுத்த கேள்வியைக் கேட்டேன். "உனக்கு யாரும் சொல்லலையா? கவர் போடணும்னு அங்க யாருக்குமே தெரியாதா?"

"தெரியும்ப்பா. எல்லாருக்கும் தெரியும். வருஷா வருஷம் போடறாங்க. பாலித்தீன் வெட்டி ரெடியா இருந்திச்சு. மாமா என்னைத்தான் கட்டச் சொன்னாரு. ஏன்னு கேட்டன். 'அது உங்கப்பன் போட்ட ரூலு பாப்பா, அவன் போனப்புறமும் நாங்க மாத்தல'ன்னாரு."

"அப்புறம் ஏன்டி வெச்ச?"

"அப்பா ரூலுன்னு சொன்னாங்கல்ல. அதான் வெச்சன்."

கிண்டலாகச் சொல்லவில்லை. தண்ணீர் தாகத்துக்குக் குடித்தேன் என்பது போலச் சொன்னாள். லூர்து வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குள் போனாள், அங்கே போய்ச் சிரித்தாள். போனில் முனிராஜும் சிரிப்பது கேட்டது.

"இனிமே வெக்கமாட்டன்ப்பா" என்றாள் ஜெசி. "நேத்தே நான் கவர் கட்டிட்டன்."

"பூஜைதான் முடிஞ்சு போச்சே."

"தெரியும். சும்மா கட்டினன்."

9

இரண்டாவது பாட்டில் வந்தபோது இங்கே முழங்கால் வரை பனி. டேப்பின் முனை மடித்திருந்தது. மடிப்பு கொஞ்சம் பெரியது, ஓரம் நேராக இல்லை. முனிராஜின் கை அல்ல. பிரிப்பதற்கு நகம் தேவைப்படவில்லை.

கால்சியம் இல்லை. தேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மெஷின் கோடையில் கப்பல் ஏறும். அதை நிறுவ இங்கிருந்து இரண்டு பேர் போவார்கள், இரண்டு பேரும் வெள்ளைக்காரர்கள். பருப்புப்பொடியும் ஊறுகாயும் வாங்கி வருவார்களாம், என்னிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள். ஜெசி கிறிஸ்துமஸுக்கு வந்து, பரீட்சைகளை முடித்துவிட்டு, அந்த மெஷின் போகிற வாரமே அவளும் போகிறாள். லூர்து என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பிறகு சூட்கேஸ் வாங்கப் போனோம்.

என் வீட்டில், என் மேசையில், என் மகளிடம் ஒருநாள்கூடச் செல்லுபடியாகாத என் சொல், பாகலூர் ரோட்டு ஷெட் ஒன்றில் நான் இல்லாமலே இத்தனை வருஷம் நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதைக் கேட்டுச் சிரித்தவன்தான் அதைக் காப்பாற்றியும் வைத்திருக்கிறான். அதற்கும் முனிராஜ்மேல்தான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது.